செட்டாப் பாக்ஸ், பழைய லேப்டாப் கழட்ட ரோபோ கை: மலையில செட்டப் பண்றவங்களுக்கு முழு வழிகாட்டி

கோத்தகிரி, குன்னூர், ஊட்டி பக்கம் பாலிடெக்னிக் லேப்லயோ சின்ன ஒர்க்‌ஷாப்லயோ ஒரு ரோபோ கைய வச்சு இ-வேஸ்ட் கழட்ட ட்ரை பண்றவங்களுக்காக இத எழுதறேன். கொடைக்கானல்ல இருக்கறவங்களுக்கும் பெரும்பாலும் அப்படியே பொருந்தும், உயரம் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

புதுசா வர்ற பசங்க எல்லாரும் தடுக்கி விழற இடம் ஒண்ணே ஒண்ணு. கன்வேயர்ல டப்பா எடுத்து வைக்கற வீடியோ பாத்துட்டு வர்றாங்க. அதுல பொருள் சும்மா கிடக்கும், பிடிச்சு தூக்கினா வந்துரும். இங்க நாம எடுக்கப்போற பார்ட் ஸ்க்ரூலயும் கிளிப்லயும் வயர்லயும் இன்னொண்ணோட மாட்டிக்கிட்டு இருக்கு. அதனால எங்க பிடிக்கறதுங்கறது மூணாவது கேள்வி. எது மொதல்ல கழண்டு வரணும்ங்கறது முதல் கேள்வி, மீதி பாடிய எது பிடிச்சுக்கப் போகுதுங்கறது ரெண்டாவது. இந்த வரிசைய மாத்திட்டா எவ்ளோ பெரிய ஏஐ மாடல் போட்டாலும் கிரிப்பர் (கை நுனில பொருள பிடிக்கற பாகம்) விரல்தான் உடையும். கீழ இருக்கற ஸ்டெப்பும் அதே வரிசைலதான் இருக்கு, நடுவுல தாண்டாதீங்க.

1. முதல்ல எந்தப் பொருள்னு முடிவு பண்ணுங்க

செட்டாப் பாக்ஸ்ல ஆரம்பிங்க. பேட்டரி கிடையாது, எடை கம்மி, உள்ள பெரும்பாலும் ஒரே ஒரு போர்டு, ஸ்க்ரூவும் கம்மி. அதோட ஒரே மாடல் நிறைய கிடைக்கும், கேபிள்காரர்கிட்டயோ காயலான் கடைலயோ கேட்டா மூட்டையா வச்சிருப்பாங்க. ஒரே மாடல் நிறைய இருக்கறதுதான் முக்கியம், ஏன்னா தப்பு வந்தா தப்பு ரோபோல இருக்கா பொருள்ல இருக்கான்னு அப்பத்தான் தெரியும்.

ரெண்டாவதா லேப்டாப். 2011ல ஆரம்பிச்ச விலையில்லா லேப்டாப் திட்டத்துல வந்தது எல்லா ஊர்லயும் ரிப்பேராகி பரண் மேல கிடக்கு, அதுலயும் ஒரே வருஷத்து மாடல் பல பீஸ் சேத்து வாங்க முடியும். இந்த ரெண்டையும் முடிக்காம வேற பக்கம் போகாதீங்க.

தொடவே கூடாத லிஸ்ட்டும் இருக்கு. 2006ல இருந்து குடுத்த இலவச கலர் டிவி மாதிரி பிக்சர் டியூப் உள்ள டிவி வேண்டாம், டியூப் கண்ணாடில ஈயம் இருக்கு, உள்ள வெற்றிடம், உடைஞ்சா சிதறும். பழைய எல்சிடி மானிட்டர்ல பேக்லைட் மெல்லிசு டியூபா இருக்கும், அதுல பாதரசம். செல்போன் எல்லாம் பசை போட்டு ஒட்டினது, பேட்டரியும் அதுக்குள்ளயே இருக்கறதால ஆரம்பத்துல வேண்டாம்.

2. கை வைக்கறதுக்கு முன்னாடி: அனுமதி, பேட்டரி, கரண்ட்

இ-வேஸ்ட் மேலாண்மை விதிகள் 2022, 2023 ஏப்ரல் 1ல இருந்து அமல்ல இருக்கு. அதுபடி ரீசைக்ளிங் தொழிலா பண்றவங்க மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட போர்டல்ல பதிவு பண்ணிருக்கணும். நீங்க கத்துக்கறதுக்காக பண்றீங்கன்னா பதிவு பண்ண ரீசைக்ளர் ஒருத்தரோட முதல்லயே பேசி, கழட்டினது எல்லாம் அவங்ககிட்டத்தான் போகும்னு எழுத்துல வாங்கிட்டு ஆரம்பிங்க. கடைசில பாத்துக்கலாம்னு விட்டா ஷெட் நிறைய போர்டு சேந்துரும், மழை வந்தா அதுல ஊறுற தண்ணி கீழ ஓடைக்குத்தான் போகும்.

லேப்டாப் பேட்டரிய எப்பவும் மனுஷன் கையாலதான் எடுக்கணும், ரோபோ கிட்ட வர்றதுக்கு முன்னாடியே. அந்த காலத்து லேப்டாப்ல பெரும்பாலும் அடியில ரெண்டு லாட்ச் தள்ளினா பேட்டரி வெளிய வந்துரும். உப்பியிருந்தா இழுக்காதீங்க, அந்த பீஸ தனியா வச்சுருங்க. எடுத்த பேட்டரியோட முனைல இன்சுலேஷன் டேப் ஒட்டி, மணல் போட்ட இரும்பு டப்பால பில்டிங்குக்கு வெளிய மழை படாத இடத்துல வைங்க. கிரிப்பர் ஒரு தடவ செல்லை நசுக்கிட்டா உள்ள ஷார்ட் ஆகி தீப்பிடிக்கும், மரப்பலகை ஷெட்ல அது சாதாரண விஷயம் இல்ல.

சில செட்டாப் பாக்ஸ்ல பவர் சப்ளை உள்ளயே இருக்கும். 230 வோல்ட் ஏசிய டிசியா மாத்தினா சுமார் 325 வோல்ட், அந்த பெரிய கெபாசிட்டர்ல பிளக்க பிடுங்கின பிறகும் கொஞ்ச நேரம் நிக்கும். மல்டிமீட்டர் வச்சு பாருங்க, இருந்தா 10 கிலோஓம் 5 வாட் ரெசிஸ்டர இன்சுலேட் பண்ண வயர்ல கட்டி இறக்குங்க. ஸ்க்ரூடிரைவர் வச்சு ஷார்ட் பண்ற பழக்கம் வேண்டாம்.

ஹார்டு டிஸ்க் இருந்தா அதுல இருக்கற போட்டோ, டாக்குமெண்ட் எல்லாம் வேற ஒருத்தரோடது. அழிக்கறதா, திருப்பி தர்றதான்னு உரிமையாளர்கிட்ட கேட்டுட்டு தொடுங்க.

3. என்னென்ன வேணும்

கைக்கு 3ல இருந்து 5 கிலோ தூக்கற ஆறு அச்சு கோபாட் (ஆள் பக்கத்துல இருந்தே வேலை செய்யற மாதிரி செஞ்ச ரோபோ கை) போதும். அரை கிலோ தூக்கற டெஸ்க்டாப் கைல செட்டாப் பாக்ஸ் மூடி, போர்டு வரைக்கும் கத்துக்கலாம், ஆனா ஸ்க்ரூ கழட்ட அழுத்தம் பத்தாது, இழுக்கும்போது கையே வளையும்.

கிரிப்பர் ரெண்டு விரல் எலக்ட்ரிக், 80 மிமீக்கு மேல திறக்கணும். ஏன்னா லேப்டாப் ஹார்டு டிஸ்க் 70 மிமீ அகலம், விரலுக்கு ரெண்டு பக்கமும் கொஞ்சம் இடம் வேணும். கூடவே ஒரு சக்ஷன் கப், சின்ன வேக்குவம் பம்ப், நான்-ரிட்டர்ன் வால்வு (காத்த ஒரே பக்கம் மட்டும் விடற வால்வு).

கிட்டத்துல பாக்கற டெப்த் கேமரா (படத்தோட தூரத்தையும் சேத்து சொல்றது) ஒண்ணு. வாங்கறதுக்கு முன்னாடி குறைஞ்சபட்ச தூரம் எவ்ளோன்னு டேட்டாஷீட்ல பாருங்க, சில கேமரா 28 செமீக்குள்ள வந்தா டெப்த்தே குடுக்காது, அத மணிக்கட்டுல மாட்டிட்டு பொருள் கிட்ட போனா கண்ணு தெரியாம போயிரும்.

மணிக்கட்டுல ஃபோர்ஸ் சென்சார் இருந்தா ரொம்ப நல்லது. காசு இல்லன்னா மோட்டார் கரண்ட வச்சு ஓரளவு சமாளிக்கலாம். சாஃப்ட்வேர்க்கு உபுண்டு, ராஸ் 2 (ரோபோவ ஓட்ட), மூவ்இட் 2 (கை போற பாதைய போட), ஓப்பன்சிவி (கேமரா படத்த அலச), எல்லாமே இலவசம். எமர்ஜென்சி ஸ்டாப் பட்டன் கை எட்டற இடத்துல. ஒரு ஸ்பிரிங் தராசு கண்டிப்பா வாங்குங்க, அஞ்சாவது ஸ்டெப்ல அது இல்லாம நகர முடியாது.

4. உயரம், பனி, குளிர்: கீழ யாரும் சொல்லித்தர மாட்டாங்க

சக்ஷன் கப் பொருள இழுத்து பிடிக்கறதில்ல, வெளிய இருக்கற காத்துதான் பொருள கப்போட சேத்து அழுத்துது. கடல் மட்டத்துல காத்தழுத்தம் 101 கிலோபாஸ்கல். குன்னூர் சுமார் 1850 மீட்டர், அங்க அது ஏறக்குறைய 81. ஊட்டி 2240 மீட்டர்ல சுமார் 77. அதாவது கிட்டத்தட்ட கால்வாசி பலம் மலை ஏறும்போதே போயிருது.

கணக்கா பாத்தா, 30 மிமீ கப்போட பரப்பு சுமார் 7 சதுர செமீ. பம்ப் 80 சதவீதம் காத்த உறிஞ்சினா கடல் மட்டத்துல 57 நியூட்டன், ஊட்டில 44 கூட வராது. அதே பலம் வேணும்னா 35 மிமீ கப் போடணும். கம்பெனி கேட்டலாக்ல இருக்கற எடை எல்லாம் கடல் மட்டத்துக்கு போட்டது, அத நம்பி கப் வாங்கினவங்க எல்லாருக்கும் மூடி பாதி தூக்கினதும் கீழ விழுது.

இதவிட மோசமான ஒண்ணு வேக்குவம் சுவிட்ச். சமவெளில செட் பண்ணி அனுப்பற கிட்ல மைனஸ் 70 கிலோபாஸ்கல் (வெளிக்காத்த விட 70 கம்மி) வந்தாத்தான் பொருள் பிடிபட்டுச்சுன்னு சிக்னல் குடுக்கற மாதிரி வச்சிருப்பாங்க. ஊட்டில அதே பம்ப் 80 சதவீதம் உறிஞ்சினாலும் மீட்டர் மைனஸ் 62லயே நின்னுரும். கப் நல்லா ஒட்டியிருக்கு, கண்ணுக்கு தெரியுது, ஆனா ரோபோ நகராம அப்படியே நிக்கும். பசங்க கோட்ல பிழை தேடிக்கிட்டே இருப்பாங்க. கப்ப ஒரு கண்ணாடித் துண்டு மேல ஒட்டவச்சு மீட்டர் எவ்ளோ காட்டுதுன்னு பாத்து, அதுல 75 சதவீதத்த சுவிட்ச்ல வைங்க. இடம் மாத்தினா திரும்பவும் பண்ணணும், கோத்தகிரில வச்சத அப்படியே மேட்டுப்பாளையத்துக்கு கொண்டு போனா அங்க பாதி ஒட்டினதையே முழுசா பிடிச்சதா நினைச்சுக்கும்.

குளிர்ல நைட்ரைல் ரப்பர் கப் விறைச்சுக்கும், ஓரம் மடங்காது, காத்து கசியும். சிலிக்கான் கப் வாங்குங்க, அது குளிர்லயும் மெத்துனு இருக்கும். ஆனா தகரத்து ஓரம் பட்டா சீக்கிரம் கிழியும், ஸ்பேர் வச்சுக்கங்க.

ஜனவரி மாசம் காலைல ரோபோவ ஆன் பண்ண உடனே வேகமா ஓட்டாதீங்க. ஜாயிண்ட்ல இருக்கற கிரீஸ் கெட்டியா இருக்கும், மோட்டார் அதிகமா இழுக்கும், கை எதுலயோ மோதிடுச்சுன்னு கன்ட்ரோலர் நினைச்சு நிறுத்திரும். 10, 15 நிமிஷம் காலியா மெதுவா எல்லா ஜாயிண்டையும் ஆட விடுங்க.

கேமராவ ராத்திரி பூரா ஆஃப் பண்ணி வச்சு காலைல ஆள் நடமாட்டம் வந்ததும் லென்ஸ்ல ஈரம் படியும். சின்ன டப்பாக்குள்ள சிலிக்கா ஜெல்லோட மூடி வைங்க, வேலை ஆரம்பிக்கறதுக்கு அரைமணி முன்னாடி ஆன் பண்ணிருங்க, அது சூடானாலே ஈரம் போயிரும். கம்ப்ரஸர் வச்சிருந்தா டேங்க் தண்ணிய தினமும் திறந்து விடுங்க, இங்க இருக்கற ஈரப்பதத்துக்கு ரொம்ப சேரும். பவர் சப்ளை, மோட்டார் டிரைவ் டேட்டாஷீட்ல எத்தனை மீட்டர் உயரம் வரைக்கும்னு போட்டிருக்கறதையும் பாருங்க, 1000 இல்லன்னா 2000 மீட்டர்னு இருக்கும், அதுக்கு மேல முழு லோடு குடுக்கக்கூடாது.

கரண்ட் கட் ஆனா என்ன ஆகும்னு இப்பவே டெஸ்ட் பண்ணுங்க. கிரிப்பர் ஹார்டு டிஸ்க்க பிடிச்சிருக்கும்போது மெயின ஆஃப் பண்ணி பாருங்க, விரல் திறந்துச்சுன்னா அந்த கிரிப்பர் இந்த வேலைக்கு ஆகாது. வேக்குவம் லைன்ல நான்-ரிட்டர்ன் வால்வு போடச் சொன்னது இதுக்குத்தான்.

5. கையால கழட்டி, வரிசைய எழுதுங்க

இந்த ஸ்டெப்ப எல்லாரும் போரடிக்குதுன்னு விட்டுர்றாங்க. மொத்த வேலைல பாதி இதுதான்னு நான் சொல்வேன்.

ஒரே மாடல்ல மூணு நாலு பீஸ் எடுத்து, ஒரு நோட்டுல ஒவ்வொரு அசைவையும் எழுதிக்கிட்டே கழட்டுங்க. எந்த ஸ்க்ரூ, எந்த பிட், எந்த பக்கம் தள்ளணும், எவ்ளோ தூரம் தள்ளின பிறகு தூக்கணும். செட்டாப் பாக்ஸ்ல ஒரு ஸ்க்ரூ ஸ்டிக்கருக்கு அடியில ஒளிஞ்சிருக்கும், விரலால தடவினா குழி தெரியும். கேமராவுக்கு தெரியாது, அதனால ஸ்டிக்கர ஓட்டை போடறதுன்னு வரிசைல தனி ஸ்டெப்பா எழுதுங்க.

இழுக்கற திசைதான் இதுல உயிர். செட்டாப் பாக்ஸ் போர்ட பாருங்க: ஆன்டெனா, ஏவி, எச்டிஎம்ஐ சாக்கெட் எல்லாம் பின்பக்க தகட்டு ஓட்டை வழியா வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும். நாலு ஸ்க்ரூவும் எடுத்தாச்சுன்னு நேரா மேல தூக்கினா சாக்கெட் தகட்டுல மாட்டும், போர்டு வளைஞ்சு விரிசல் விடும். முன்பக்கத்த லேசா உயர்த்தி, முன்னாடி இழுத்து, சாக்கெட் ஓட்டைய விட்டு வந்த பிறகுதான் தூக்கணும். லேப்டாப் ஹார்டு டிஸ்க்கும் அப்படித்தான், கனெக்டர விட்டு பக்கவாட்டுல நகர்ந்த பிறகுதான் மேல வரும். இது தெரியாம மேல இழுக்கற ப்ரோக்ராம் எழுதினா கனெக்டர் போர்டோட பிஞ்சு வரும்.

அடுத்து ஸ்பிரிங் தராசு. டிஸ்க்க ஒரு கயித்துல கட்டி, தராச மாட்டி, சரியான திசைல மெதுவா இழுங்க, எந்த அளவுல விடுதுன்னு எழுதுங்க. 1 கிலோ காட்டினா சுமார் 10 நியூட்டன். ஒவ்வொரு பார்ட்டுக்கும் இந்த நம்பர் வேணும், இதவிட ஒண்ணரை மடங்குக்கு மேல ரோபோ இழுத்தா எங்கயோ ஒரு ஸ்க்ரூ பாக்கி இருக்குன்னு அர்த்தம். இந்த ஒரு நம்பர் இருந்தாலே உடையற பார்ட்ல பெரும்பகுதி உடையாம தப்பிக்கும்.

வயர் கனெக்டர், லேப்டாப் ரேம் மாதிரி ரெண்டு பக்கமும் கிளிப்ப விரிச்சாத்தான் வர்றது, இதெல்லாம் ஆரம்பத்துல ஆளே பண்ணட்டும். எது ரோபோவுக்கு, எது ஆளுக்குன்னு நோட்டுல பிரிச்சு குறிங்க. பசங்க எல்லாத்தையும் ரோபோதான் பண்ணணும்னு பிடிவாதம் பிடிப்பாங்க, அங்கதான் மாசக்கணக்கா மாட்டிக்கறாங்க.

6. பாடிய பிடிக்க ஜிக் பண்ணுங்க

ஒரு கைல தேங்காய பிடிச்சுக்காம மட்டைய உரிக்க முடியுமா, அதே கததான். ரோபோ இழுக்கும்போது பாடியும் கூடவே வந்தா இழுக்கற பலம் பார்ட்டுக்கு போகாது, கேமரா பாத்த இடமும் மாறிரும்.

ஜிக்னா பொருள அசையாம பிடிச்சு வைக்கற தட்டு: மரப்பலகை இல்லன்னா அலுமினியத் தட்டு, ரெண்டு ஓரம் எல் மாதிரி ஸ்டாப்பர், எதிர் பக்கம் ரெண்டு டாகிள் கிளாம்ப் (பிடிய தள்ளினா இறுகிக்கறது). பொருள எல் மூலைல முட்டற மாதிரி தள்ளி கிளாம்ப் போட்டா எல்லா பீஸும் ஒரே இடத்துல உக்காரும். பிளாஸ்டிக் பாடின்னா கிளாம்ப் முனைல ரப்பர் போடுங்க, இல்லன்னா பாடி நசுங்கி உள்ள இருக்கற போர்டயும் சேத்து இறுக்கிரும், அப்புறம் போர்டு வராது.

கிளாம்ப் வைக்கற இடம் கழட்டற திசைக்கு குறுக்க நிக்கக்கூடாது. மூடி பின்னாடி தள்ளி வர்ற மாடல்னா பின்பக்கம் காலியா இருக்கணும். நோட்ட திறந்து பாத்துட்டு ஜிக் பண்ணுங்கன்னு சொல்றதுக்கு காரணம் இதுதான்.

ஜிக் ரெடியானதும் தராச பாடில மாட்டி, நோட்டுல இருக்கற அதிகபட்ச நம்பர விட ரெண்டு மடங்கு இழுத்து பாருங்க. அசையக்கூடாது.

7. கேமராவுக்கும் கைக்கும் கேலிப்ரேஷன்

கேமரா பாக்கற இடமும் கை போற இடமும் ஒண்ணா இருக்கணும், அதுக்குத்தான் ஹேண்ட்-ஐ கேலிப்ரேஷன். கட்டம் போட்ட சாருகோ போர்ட (கேமரா அடையாளம் கண்டுக்கற குறி அச்சடிச்ச தாள்) கண்ணாடி இல்லன்னா தடிச்ச அக்ரிலிக் மேல ஒட்டுங்க. பேப்பர அப்படியே டேபிள்ல வச்சா பனி ஈரத்துல சுருண்டுக்கும், அங்கயே ரெண்டு மூணு மிமீ போயிரும்.

15ல இருந்து 20 நிலைல படம் எடுங்க. பெரும்பாலானவங்க கைய பக்கவாட்டுல நகர்த்தி நகர்த்தி எடுக்கறாங்க, அது பத்தாது. மணிக்கட்ட வேற வேற அச்சுல நல்லா சாய்ச்சு திருப்பி எடுக்கணும், இல்லன்னா கணக்கு ஒரு விடைய குடுக்கும், ஆனா தப்பான விடை. கேமரா சூடான பிறகு எடுங்க.

சாஃப்ட்வேர் காட்டற எரர் நம்பர மட்டும் நம்பாதீங்க. கிரிப்பர்ல ஒரு கூர்மையான ஊசிய பிடிக்க வச்சு, ஜிக்கோட நாலு மூலை, நடு, இந்த அஞ்சு இடத்துலயும் கேமரா சொல்ற புள்ளிய தொட வைங்க. 1 மிமீக்குள்ள வந்தா போதும். ஒரு மூலைல சரியா, எதிர் மூலைல தப்பா இருந்தா திரும்ப எடுக்கணும். இங்க சோம்பல் பட்டா எட்டாவது ஸ்டெப்ல இருந்து எல்லாமே குழப்பம்.

8. வெளிச்சம்

ஜன்னல மூடுங்க. மலைல மேகம் வந்து போற வேகத்துக்கு ஒரு நிமிஷத்துல வெயில், அடுத்த நிமிஷம் இருட்டு, காலைல நல்லா வேலை செஞ்சது மத்தியானம் ஸ்க்ரூவ கண்டுபிடிக்காது. தடி திரை போட்டு, எல்இடி லைட்டுக்கு முன்னாடி டிரேசிங் பேப்பர் மாதிரி ஏதாவது வச்சு வெளிச்சத்த பரவ விடுங்க.

பளபளக்கற தகட்டுலயும் கறுப்பு பிளாஸ்டிக்லயும் டெப்த் கேமரா ஓட்டை ஓட்டையா காட்டும். தகடு வெளிச்சத்த வேற பக்கம் தள்ளிருது, கறுப்பு விழுங்கிருது. கேமராவ கொஞ்சம் சாய்ச்சு ரெண்டு மூணு கோணத்துல படம் எடுத்து சேத்தா பெரும்பாலும் சரியாகும். அப்பவும் சரியாகலன்னா டெப்த்த விட்டுட்டு, ஜிக்ல பொருளோட உயரம் தெரியுமே, அத நம்பராவே குடுத்துருங்க.

அதுக்கும் முன்னாடி தூசிய தட்டுங்க. டீ ஃபேக்டரி ஆபீஸ்ல இருந்து வந்த கம்ப்யூட்டர்னா ஃபேன்ல, போர்டுல எல்லாம் டீ தூசி கம்பளி மாதிரி படிஞ்சிருக்கும். காஞ்ச பிரஷ், மாஸ்க், வெளிய வச்சு.

9. எங்க பிடிக்கறது, எவ்ளோ அழுத்தறது

காண்டாக்ட்-கிராஸ்ப்நெட் மாதிரி ரெடிமேட் மாடல் எல்லாம் டேபிள் மேல எதோடயும் மாட்டாம கிடக்கற பொருள எங்க பிடிச்சா வழுக்காதுன்னு சொல்லும். அந்த பார்ட் இன்னொண்ணோட மாட்டியிருக்கா, எந்த பக்கம் வரும்ங்கறது அதுக்கு தெரியாது. கெபாசிட்டர் தலையவோ ஹீட் சிங்க்கவோ பிடிக்கச் சொல்லும், வடிவம் நல்லா இருக்குல்ல. அதனால ஆரம்பத்துல ஒவ்வொரு பார்ட்டுக்கும் ரெண்டு மூணு பிடி இடத்த நீங்களே கையால ஓட்டி பதிவு பண்ணுங்க, கேமரா அந்த பார்ட் எங்க இருக்குன்னு மட்டும் கண்டுபிடிக்கட்டும். மாடல் மாத்தி மாத்தி வர ஆரம்பிச்ச பிறகு கத்துக்கற மாடலுக்கு போகலாம்.

ரெண்டு விரலும் நேருக்கு நேர் இணையான ரெண்டு பக்கத்துல படணும். சாய்வான பக்கத்துல பட்டா அழுத்த அழுத்த பொருள் வழுக்கி வெளிய போகும். போர்டுக்கு அதோட ஓரம்தான் பிடி. சாதாரணமா போர்டு தடிமன் 1.6 மிமீ, விரல் நுனில வி மாதிரி காடி வெட்டி வச்சா ஓரம் அதுல உக்காந்துக்கும், மேல இருக்கற பார்ட் எதுவும் நசுங்காது. விரல் நுனிய 3டி பிரிண்டர்ல டிபியூல (ரப்பர் மாதிரி வளையற பிளாஸ்டிக்) அடிச்சுக்கலாம், தேய்ஞ்சா மாத்தறதுக்கும் ஈஸி.

அழுத்தத்துக்கு சின்ன கணக்கு. டெஸ்க்டாப் ஹார்டு டிஸ்க் 650 கிராம்னு வைங்க, கை மேல போற வேகமாற்றம் 3 மீட்டர் பர் செகண்ட் ஸ்கொயர். 9.8 கூட்டல் 3, அதாவது 12.8, அத 0.65 ஆல பெருக்கினா சுமார் 8.3 நியூட்டன். தூசி படிஞ்ச தகட்டுல ரப்பர் உராய்வு 0.4னு எடுத்தா, ரெண்டு விரல் இருக்கறதால 8.3 வகுத்தல் 0.8, சுமார் 10.4. பாதுகாப்புக்கு ரெண்டு மடங்கு, 21 நியூட்டன். இது தூக்க மட்டும். கனெக்டர விட்டு இழுக்கணும்னா நோட்டுல இருக்கற இழுப்பு நம்பரையும் 8.3 ஓட கூட்டிட்டு கணக்கு போடணும், இத மறந்துட்டு விரல் வழுக்குது வழுக்குதுன்னு ரப்பர மாத்திக்கிட்டே இருக்கறவங்க நிறைய.

10. ஸ்க்ரூ கழட்டறது

பிட் சைஸ் தப்பா இருந்தா வேற எது சரியா இருந்தும் பிரயோஜனம் இல்ல. டெஸ்க்டாப் கேபினட்ல பிஎச்2 (பிஎச்னா பிளஸ் தலை பிட், நம்பர் அதோட சைஸ்), லேப்டாப்ல பிஎச்0 இல்லன்னா பிஎச்1, ஹார்டு டிஸ்க்க திறக்கறதுன்னா டார்க்ஸ் (நட்சத்திர தலை). சின்ன பிட் பெரிய தலைல சுத்தினா பிளஸ் வட்டமாயிரும், அப்புறம் இடுக்கிதான்.

பிட் குழிய தேட சுருள் பாதை போடுங்க: லேசா அழுத்திக்கிட்டே சின்ன வட்டத்துல இருந்து விரிஞ்சு போகணும், குழில இறங்கினதும் உயரம் சட்டுனு குறையும், அதுதான் சிக்னல். இறங்கின பிறகு 15ல இருந்து 25 நியூட்டன் அழுத்தி மெதுவா சுத்துங்க.

இன்னொண்ணு, ஸ்க்ரூ சுத்தும்போது மேல வரும், எம்3 (3 மிமீ தடிமன் ஸ்க்ரூ) ஒரு சுத்துக்கு 0.5 மிமீ, கேபினட் ஸ்க்ரூ ஏறக்குறைய 0.8 மிமீ. கை அதே உயரத்துல விறைப்பா நின்னா ஒண்ணு ஸ்க்ரூ வராது, இல்ல தலை பிஞ்சுரும். டூலுக்கு மேல ஒரு ஸ்பிரிங் வச்சா போதும், ஃபோர்ஸ் கன்ட்ரோல் எழுதறதுக்கு முன்னாடி இத ட்ரை பண்ணுங்க.

கழட்டின பிறகு கேமரால அந்த குழிய திரும்ப பாருங்க. ஸ்க்ரூ பிட்டோட வராம அங்கயே உக்காந்திருந்தா, ஜிக்க கவுத்தறப்ப போர்டுக்குள்ள விழுந்து ஒளிஞ்சுக்கும்.

11. பிடி, செக் பண்ணு, இழு

இந்த மூணையும் ஒரே அசைவா எழுதாதீங்க. விரல் மூடினதும் இடைவெளி எவ்ளோன்னு கிரிப்பர்கிட்ட கேளுங்க. பூஜ்யம்னா பிடிக்கவே இல்ல. 70 வரவேண்டிய இடத்துல 78 வந்தா நடுவுல வயர் மாட்டியிருக்கு.

அப்புறம் நோட்டுல எழுதின திசைல மெதுவா இழுங்க, பலத்த பாத்துக்கிட்டே. நோட்டு நம்பர்ல ஒண்ணரை மடங்க தாண்டினா உடனே நிறுத்தி, 2 மிமீ பின்னாடி விட்டு, ரெண்டு டிகிரி இந்தப்பக்கம் அந்தப்பக்கம் அசைச்சு திரும்ப இழுக்கலாம். ரெண்டு தடவைக்கு மேல வேண்டாம், விட்டுட்டு ஆள கூப்பிடணும். பலத்த ஏத்திக்கிட்டே போற மாதிரி லூப் எழுதறதுதான் நான் அதிகமா பாத்த தப்பு, அது கடைசில எப்பவும் எதையாவது உடைச்சுட்டுத்தான் நிக்குது.

வெளிய வந்ததும் 20 மிமீ உயரத்துல ஒரு நிமிஷம் நிறுத்தி எடைய பாருங்க. லேப்டாப் டிஸ்க் 100 கிராம் சுத்தி இருக்கும். 300 காட்டுச்சுன்னா கூடவே பிராக்கெட்டோ கேபிளோ தொங்குது. இந்த ஒரு செக்க போட்டீங்கன்னா வயரோட சேத்து போர்டையே இழுத்துட்டு போற விபத்து நின்னுரும்.

12. விடற இடம், அப்புறம் கீழ அனுப்பறது

தூக்கி போடாதீங்க, வைங்க. டப்பா அடியத் தொட்டதும் பலம் மாறும், அப்ப விரல திறக்கணும். வேக்குவம்னா பம்ப ஆஃப் பண்ணா மட்டும் உடனே விடாது, நான்-ரிட்டர்ன் வால்வு காத்த பிடிச்சு வச்சிருக்கும். கப் பக்கமா ஒரு ரிலீஸ் வால்வு வச்சு காத்த உள்ள விட்டாத்தான் விடும், அதுவும் இல்லன்னா பொருள் ஒட்டிக்கிட்டே திரும்பி வந்து அடுத்த பீஸ் மேல விழும்.

டப்பா அஞ்சு வேணும்: போர்டு, தகடு, பிளாஸ்டிக், வயர், ஆள் பாக்க வேண்டியது. ஹார்டு டிஸ்க்குக்கு பூட்டு போட்ட தனி டப்பா. அடியில தண்ணி நிக்காத மாதிரி பலகை மேல, தார்ப்பாய் போட்டு வைங்க, குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் அடிக்கற மழைக்கு தகரக் கூரை ஓரம் பத்தாது.

வயர எரிச்சு செம்பு எடுக்கறது, போர்ட ஆசிட்ல போடறது ரெண்டும் கூடவே கூடாது. பிவிசி எரிஞ்சா வர்ற புகைல டையாக்ஸின் இருக்கு, ஆசிட் தண்ணி நம்ம குடிக்கற ஊத்துலதான் இறங்கும். காயலான் கடைக்காரர் நல்ல விலை தர்றேன்னாலும் போர்ட அவர்கிட்ட குடுக்காதீங்க.

ரீசைக்ளருக்கு அனுப்பறப்ப போர்டு எத்தனை கிலோ, தகடு எத்தனை கிலோன்னு எடை போட்டு ஒரு சீட்டு ரெண்டு காப்பி, ஒண்ணு டிரைவர்கிட்ட. பேட்டரி மட்டும் போர்டு மூட்டையோட ஒரே வண்டில குவிச்சு ஏத்தாதீங்க, மணலோட அதே இரும்பு டப்பால தனியா, கட்டி வச்சு அனுப்புங்க. கொண்டை ஊசி வளைவுல மூட்டை உருண்டு டேப் கழண்டா முனை ரெண்டும் தகட்டுல உரசும். வண்டி இறங்கினதும் ரீசைக்ளர் எடை பாத்து கையெழுத்து போட்ட காப்பிய வாட்ஸ்அப்லயாவது வாங்கி, நோட்டுல அந்த லாட்டுக்கு நேரா ஒட்டிட்டு அடுத்த மூட்டைய திறங்க.